ஆமையும் அமீனாவும்

குகை மாதேஸ்வரன் பேக்கரிக்கு
அந்த பன் வந்து இரண்டு வருஷம் ஆகிறது.
மெக்சிகோவில் கார் கம்பெனி வெல்டர்
அவன் தம்பி தீர்த்தகிரி.
தங்கியிருக்கும் அறைக்குக் கீழேயே ரொட்டிக் கடையாம்.
தட்டும் இடுக்கியும் கையில் கொடுத்துவிடுவார்களாம்,
நாமே சுற்றி வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.
போனில் படம் பிடித்து அனுப்பினான்.
அண்ணன் நாற்பது தடவை பார்த்தான்.

அடியில் சாதா இனிப்பு பன்தான்.
மேலே சர்க்கரையும் மைதாவும் டால்டாவும் பிசைந்த தொப்பி,
(அங்கே வெண்ணெய்)
தொப்பியில் சிப்பியின் வரி.
வரி போட பிளேடு, ஸ்பூன், புதுச் சீப்பு
எல்லாம் பார்த்துத் தோற்று
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்குப் போனான்.
குப்பண்ணன் பித்தளையில் ஓர் அச்சு வெட்டிக் கொடுத்தார்.
கடல் சிப்பியை அவர் கண்டதில்லை.
கொலுசில் போடும் வளைவை நினைத்து வெட்டினார்.
வந்தது ஆமை ஓடு.

பலகையில் கோன்ச்சா என்று எழுதினான்.
"கொஞ்சமா? எவ்வளவு கொஞ்சம்?"
என்றார்கள் தறிக்காரர்கள்.
மூன்றாம் நாள் அழித்துவிட்டு
ஆமை பன் என்று எழுதினான்.

அங்கேதான் சிக்கல்.
நின்றபடி டீயில் முக்கித் தின்பார்கள்,
இன்னொன்றும் கேட்பார்கள்,
பார்சல் மட்டும் வேண்டாம்.
ஆமை புகுந்த வீடும், என்று ஆரம்பித்து
என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார்கள்.

மீதிப் பாதி நான்.

கோர்ட் அமீனா.
அஸ்தம்பட்டியில் கையெழுத்துப் போட்டு
ஸ்கூட்டியை எடுத்தால்
நோட்டீஸ், ஜப்தி, கதவில் ஒட்டப் பசை டப்பா.
பெண் பார்க்க வந்த இரண்டு வீடு
உத்தியோகம் கேட்டதும் காபி ஆறுமுன் எழுந்துபோனது.
மூன்றாவது வந்தவர் யாரிடமும் கடன் வாங்காதவர்.
கட்டிக்கொண்டார்.

அதனால் நான் பார்சல் வாங்குவேன்,
தினமும் நாலு, மாலை ஆறரைக்கு.
ஆமையும் அமீனாவும்
ஒரே வண்டியில் வீடு புகுவோம்.
வீடு உருப்படியாகத்தான் இருக்கிறது.
மாடி ஒழுகுகிறது, அது கொத்தனார் செய்த வேலை.

போன செவ்வாய்
கட்டில் மூன்றாவது வாரண்ட்:
மா. மாதேஸ்வரன், குகை.
மாவு பிசையும் மிஷின் வாங்கிய கடன்.

காலை பதினொன்றுக்குப் போனேன்.
"இந்நேரத்துக்கு ஆறினதுதான் மேடம் இருக்கும்"
என்றவன் என் பையைப் பார்த்தான்.
கூட வந்த கம்பெனி ஆளைப் பார்த்தான்.
வெளியே நின்ற வேனைப் பார்த்தான்.
டீயில் முக்கிய பன்
யாருடையதோ முறிந்து கிளாசுக்குள் விழுந்தது.

எழுதினேன்.
மிஷின் ஒன்று.
தட்டு இருபத்தாறு, ஒன்றில் ஓட்டை.
கண்ணாடி அலமாரி ஒன்று, பூட்டு இல்லை.
கம்பெனி ஆள் அச்சைத் தூக்கிப் பார்த்தான்,
பித்தளை நல்ல கனம்.
"இதையும் சேருங்க."
கைத்தொழில் செய்கிறவர் கருவியைச் சட்டம் தொடாது,
என்றேன்.
அப்படியென்றால் தட்டு என்ன, மிஷின் என்ன என்று
மாதேஸ்வரன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்?
இன்னும் யோசிக்கிறேன்.

அன்று மாலை லைன்மேடு சுற்றி வீட்டுக்குப் போனேன்.
மகள் பையைத் துழாவினாள்,
பசை டப்பா.
புதனும் வியாழனும் அப்படியே.

வெள்ளிக்கிழமை பெட்ரோல் இல்லை,
குறுக்கு வழிதான்.
கடை திறந்திருந்தது.
மாதேஸ்வரனும் நல்லம்மாவும்
முழங்கை வரை மாவாக நின்று
ஆளுக்கொரு பக்கம் பிசைந்துகொண்டிருந்தார்கள்.
நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.
அவள்தான் வந்தாள்,
பேப்பரில் சுற்றிய நாலோடு.
எப்போதும் கொடுப்பதைக் கொடுத்தேன்.
எண்ணினாள்.
"எட்டு ரூபா குறையுது மேடம்.
வெலை ஏத்தியாச்சு, கைவேலை."

வீட்டில் பிரித்தபோது
வரி முன்னைவிட ஆழமாக விழுந்திருந்தது.
மகள் எப்போதும்போல்
ஓட்டை மட்டும் பெயர்த்துத் தின்றுவிட்டு
வெறும் பன்னை
என் பக்கம் தள்ளினாள்.